என்னை ஒரு வார்த்தை கேட்டியா?

ஜூலை 6

டேய்,

அன்புள்ள தம்பிக்குன்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரல.

உன் நம்பரை என் போன்ல தடுத்து வெச்சுட்டேன். அம்மா போன்லயும்தான். நான் பேசினா கத்துவேன், நீ "சரிக்கா, சரிக்கா"ன்னு நாலு தடவை சொல்லிட்டு சிக்னல் போயிடுச்சுன்னு வெச்சிடுவே. கடிதம்னா அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து படி.

நேத்து உன் அறையில கூடத் தங்கியிருக்கிற நெட்டை வந்தான். லீவுக்கு ஊருக்குப் போற வழியில உன் கிழிஞ்ச மழைக்கோட்டைத் தைக்கக் கொடுத்துட்டுப் போகலாம்னு நான் பல் செய்யற லேபுக்கே வந்துட்டான். நான் ஒரு பல் செட்டுக்கு மெழுகு சீவிக்கிட்டு இருந்தேன். வாசல்ல நின்னு என்னை ஒரு பார்வை பார்த்தான். என் சக்கர நாற்காலியை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் வாயெல்லாம் பல்லா, "நீங்கதானே அந்த அக்கா! படத்துல பார்த்ததைவிட நேர்ல நல்லா இருக்கீங்க"ன்னான்.

"எந்தப் படம்பா?"ன்னேன்.

வெகுளிப் பையன். ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டான். நீ உன் வகுப்புல ஒரு ஆய்வு வாசிச்சியாம். ஆய்வே நான்தானாம். சுவர் முழுக்கத் தெரியற திரையில என் படமாம். பால்கனி ஓரத்துல நாற்காலியிலேயே தலை சாய்ஞ்சு, வாய் திறந்து தூங்கறேனாம். மேல கொட்டை எழுத்துல "வீட்டுக்குள் முடங்கிய வாழ்க்கை"ன்னு தலைப்பாம். கீழ, பொழுதுபோக்கு எதுவும் இல்லை, நண்பர் வட்டம் இல்லை, வெளியே செல்வதில் ஆர்வம் குறைவு. ஒரு பொண்ணு தேம்பித் தேம்பி அழுதாளாம். நெட்டை பெருமையாச் சொல்றான், "எனக்கே கண்ணு கலங்கிடுச்சுக்கா."

லேப்ல கூட வேலை பார்க்கிற ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. கையில இருந்த கடைவாய்ப்பல்லை ரெண்டா உடைச்சுட்டேன்.

முடங்கியா? தினமும் காலையில நடைபாதையில நிறுத்தின வண்டிக்காரனையெல்லாம் திட்டிக்கிட்டே லேபுக்கு நாற்காலியை உருட்டிட்டுப் போறது யாரு, உன் ஆவியா? ஞாயித்துக்கிழமை குடியிருப்பு ஹால்ல கேரம் ஆட நான் வரேன்னு தெரிஞ்சா கீழ்வீட்டு ரிடயர்டு போலீஸ்காரருக்குத் தலைவலி வந்துடும். அவரைக் கேளு, எனக்குப் பொழுதுபோக்கு உண்டா இல்லையான்னு.

வெளிப்புற சாகசம், பொழுதுபோக்கு, சுற்றுலான்னு ஒரு பட்டப்படிப்பு இருக்குன்னு நீ வந்து சொன்னப்போ அம்மா சாப்பிடாம படுத்துக்கிட்டா. "ஊர் சுத்தறதுக்கு எதுக்குடா காலேஜு?"ன்னு கேட்டா. "போகட்டும்மா, அவனுக்குப் பிடிச்சதைப் படிக்கட்டும்"னு அவகிட்ட மல்லுக்கு நின்னவ நான். அதுக்குத்தான் இந்தப் பரிசா?

அந்தப் படத்தை எடு. வகுப்புல எழுந்து நின்னு, நான் எழுதினது பொய்னு சொல்லு. அதுவரைக்கும் லீவுக்கு வீட்டுப் பக்கம் வராதே.

உன் ஆய்வுப் பொருள்

---

ஜூலை 14

அக்கா,

மலை மேல எங்க காலேஜுக்குச் சாமான் வண்டி வாரத்துக்கு ஒரு தடவைதான் வருது. அதுல வந்த முதல் தபாலே இதுதான். படிச்சுட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் போகல.

நெட்டைக்கு எதையும் முழுசாச் சொல்லத் தெரியாது. நீ கொஞ்சம் பொறுமையாக் கேளு.

எங்களுக்கு இந்த வருஷம் 'பொழுதுபோக்கும் மறுவாழ்வும்'னு ஒரு பாடம் இருக்கு. உடம்பு ஒத்துழைக்காதவங்களுக்கு மலையும் ஏரியும் காடும் ஏன் எட்டாமப் போச்சு, எப்படி எட்ட வைக்கலாம்னு படிக்கிறோம். ஊர் சுத்தற படிப்பு இல்லக்கா. ஒருத்தர் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்ங்கிறது அவரோட சுதந்திரத்துக்கு அளவுகோல்னு எங்க துறைத் தலைவி சொல்வாங்க. கழுத்துல எப்பவும் விசில் தொங்கும், அதனால விசில் மேடம்னு பேரு. ஒவ்வொருத்தரும் ஒரு உண்மையான ஆளை வெச்சு ஆய்வு பண்ணணும்னாங்க. எனக்கு உன்னை விட்டா யாரு?

உன் பேரை மாத்திட்டேன். உன்னைக் கேவலப்படுத்தி ஒரு வரி எழுதல. அந்த ஆய்வுல நீதான் கதாநாயகி.

எங்க இருந்து தொடங்கினேன் தெரியுமா? நான் நாலாவது படிக்கிறப்போ உன்னை பஸ் இடிச்சது. அதுக்கு அடுத்த வருஷம் நாம எல்லாரும் கடற்கரைக்குப் போனோம். நாற்காலி மணல்ல இறங்காதுன்னு உன்னை கார்லயே விட்டுட்டுப் போனாங்க. நான் அலையில விளையாடிட்டுத் திரும்பிப் பார்த்தா, கண்ணாடிக்குப் பின்னால நீ தெரிஞ்சே. எனக்கு அப்புறம் விளையாடத் தோணல. இந்தப் படிப்புக்கு நான் வந்ததே அந்தக் கண்ணாடியாலதான். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

இன்னொண்ணும் இருக்கு. உனக்காகப் படகுல பொருத்தற மாதிரி ஒரு இருக்கை செஞ்சிருக்கேன். முதுகுக்குச் சாய்மானம், இடுப்புக்குப் பட்டை. செப்டம்பர்ல இங்க ஏரியில 'எல்லாருக்கும் ஏரி'ன்னு ஒரு நாள் நடத்தறோம். உன் கதையைக் கேட்டதும் மேடம் உன்னையே சிறப்பு விருந்தினரா அழைக்கணும்னு சொல்லிட்டாங்க. வாக்கா. வந்து பார்த்தா உனக்கே புரியும்.

தம்பி

---

ஜூலை 20

தம்பி,

பேரை மாத்தினியாம். முகத்தை என்ன பண்ணினே?

தூங்கறவளைப் படம் எடுக்கிறதுக்கு உங்க காலேஜ்ல தனிப் பாடம் இருக்கா? நான் முழிச்சிருக்கும்போது எடுத்திருந்தா முறைச்சிருப்பேன். முறைக்கிற மூஞ்சியைப் பார்த்தா யாருக்கும் அழுகை வராது. அதனாலதானே தூங்கற படம்?

கடற்கரைக்கு வரேன். அன்னைக்கு கார்ல நான் என்ன பண்ணினேன்னு உனக்குத் தெரியுமா? ரேடியோவுல மேட்ச் கேட்டேன். கடைசி விக்கெட், ஜெயிக்க நாலு ரன். நீங்க எல்லாரும் தொலைஞ்சதே நிம்மதின்னு கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு, ஒரு பொட்டலம் வேர்க்கடலையைத் தனியாத் தின்னேன். நீ திரும்பிப் பார்த்தப்போ நான் சோகமா இருந்தேன்னா, அது அவுட் ஆயிட்டாங்க, அதுக்கு.

உனக்கு ஒரு கண்ணாடி கிடைச்சுது. அதுல உனக்கு வேண்டிய முகத்தை வரைஞ்சுக்கிட்டே. இத்தனை வருஷம் அதைத் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கே, பாவம். ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள், "அக்கா, அன்னைக்கு உனக்கு எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டியா?

என் வேலையில வாய் திறக்காத ஆளுக்கு நான் பல் செய்ய முடியாது. அச்சு எடுக்கணும், மெழுகுல வெச்சுக் கடிக்கச் சொல்லணும், "குத்துதா? உயரமா இருக்கா?"ன்னு கேட்கணும். கேட்காமப் பண்ணின பல் எவ்வளவு அழகா இருந்தாலும் ஈறைப் புண்ணாக்கிடும். நீ எனக்கு ஒரு வாழ்க்கையைச் செஞ்சு மாட்டி விட்டிருக்கே. வலிக்குது. கழட்டு.

சிறப்பு விருந்தினராம். எதுக்கு? மேடையில உருட்டிட்டு வந்து, "இதோ பாருங்க, முடங்கினவங்க வந்துட்டாங்க"ன்னு கை தட்டவா? உங்க மேடத்துக்குச் சொல்லு, எனக்கு அன்னைக்கு வேலை இருக்கு. ஒரு கிழவருக்கு மேல்செட் தரணும். அவரு என்னைக் கேட்டுட்டுத்தான் வந்தாரு.

அக்கா

---

ஜூலை 29

அக்கா,

நான் நாலஞ்சு நாளா உன் கடிதத்தை வெச்சுக்கிட்டு, மன்னிப்பு கேட்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இருந்தேன். இப்போ கேட்கப் போறதில்ல.

நான் உன்னைக் கேட்கலன்னு சொல்றே. சரி. நீ என்னை என்ன கேட்டே? மூணு வருஷமா இங்க இருக்கேன். ஆத்துல கவிழ்ந்த படகை எப்படி நிமித்தறது, பனியில வழி தவறினா எப்படித் தங்கறது, பயந்து உறைஞ்சு போன ஒருத்தரைப் பாறையிலிருந்து எப்படிப் பேசியே இறக்கறதுன்னு கத்துக்கிட்டேன். போன வருஷம் ஒரு பெரியவரை அப்படி இறக்கினேன். வீட்டுக்கு வந்து சொல்ல வாயைத் திறந்தேன். "வந்துட்டாரு டென்ட் அடிக்கிற பட்டதாரி"ன்னே. அம்மா சிரிச்சா. லேப்ல இருந்து வந்தவங்க சிரிச்சாங்க. என் கூட வந்த வகுப்புப் பையனும் சிரிச்சான். நானும் சிரிச்சேன். அவ்வளவுதான், அந்தக் கதை அதோட போச்சு.

படிக்கப் போக நீ எனக்காகப் பேசினதை ஒவ்வொரு சண்டைக்கும் எடுத்து நீட்டறே. பேசினே, உண்மை. அப்புறம் அந்தப் படிப்பையே நீதான் எல்லாரையும்விட அதிகமாக் கிண்டல் பண்ணினே.

உனக்கு ஒரு ராஜ்ஜியம் இருக்கு. லேப், ஹால், வீடு. மூணுக்கும் நடுவுல நீ ராணி. அதுக்கு வெளியில ஒரு அடி வைக்கச் சொன்னா வாள் எடுத்துடுவே. ஏரிக்குக் கூப்பிட்டா ஏளனம். மலைக்குக் கூப்பிட்டா ஏளனம். அம்மாவும் நானும் பயணம் போகலாம்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் உனக்கு யாரோ ஒருத்தருக்குப் பல் செட் இருக்கும். அது வேலை இல்லக்கா. அது பயம். என் ஆய்வுல நான் எழுதாம விட்டது அது ஒண்ணுதான். எழுதியிருக்கணும்.

தம்பி

---

ஆகஸ்ட் 5

படிச்சேன்.

இனிமே எழுதாதே. மழைக்கோட்டைத் தைச்சு நெட்டை வீட்டுக்கு அனுப்பியாச்சு.

---

செப்டம்பர் 2

அக்கா,

எழுதாதேன்னு சொன்னே. இது சமாதானம் பேசற கடிதம் இல்ல. உனக்குத் தெரிஞ்சாகணும்னு ஒரு விஷயம் இருக்கு. வேற யார் வாய் வழியாவும் நீ கேட்கக்கூடாது.

போன மாசம் நான் வகுப்புல எழுந்து நின்னேன். அக்காவைக் கேட்காமத்தான் அந்தப் படத்தை எடுத்தேன், அவளுக்கு வேலையும் நண்பர்களும் கேரமும் இருக்கு, நான் எழுதினதுல பாதி என் கற்பனைன்னு சொன்னேன். எல்லாரும் குனிஞ்சுக்கிட்டாங்க. அன்னைக்கு அழுத பொண்ணு மட்டும், "அப்போ என்னை எதுக்குடா அழ வெச்சே?"ன்னு கேட்டா.

அப்புறம் விசில் மேடம்கிட்ட போய், ஆய்வைத் திரும்பக் கொடுங்கன்னேன். "மதிப்பெண் போட்டாச்சு, இனி அது துறையோட சொத்து. நல்ல காரியத்துக்குத்தானே பயன்படுது"ன்னாங்க. என்ன காரியம்னு எனக்குப் புரியல. அடுத்த வாரம் புரிஞ்சுது.

வாசல்ல, உணவுக்கூடத்துல, கீழ ஊர் பஸ் நிலையத்துல, எல்லா இடத்துலயும் போஸ்டர். 'எல்லாருக்கும் ஏரி' நாளுக்கு. படகுக் கம்பெனி ஒண்ணு ஆதரவு தருது, அவங்க சின்னம் ஒரு மூலையில. நடுவுல நீ. அதே தூங்கற படம். மேல, "இவரை எழுப்ப வாருங்கள்"னு.

நான் கிழிச்சேன். மறுநாள் புதுசா ஒட்டினாங்க. அதையும் கிழிச்சேன். மிச்சம் இருந்த சுருளைப் படகுக் கொட்டகை அடுப்புல போட்டுக் கொளுத்திட்டேன். மேடம் விசில் ஊதிக்கிட்டே ஓடி வந்தாங்க, அக்கா. நிஜமாவே ஊதினாங்க. "நீ யாருடா இதைத் தொட?"ன்னு கேட்டாங்க. "அவ தம்பி"ன்னேன்.

இந்தப் பருவம் முடியற வரைக்கும் என்னை வெளியில நிறுத்திட்டாங்க. களப்பயிற்சி கிடையாது, அதனால வழிகாட்டித் தேர்வும் இந்த வருஷம் எழுத முடியாது. வீட்டுக்கு வரக்கூடாதுன்னு நீ சொல்லிட்டே. கீழ ஊர்ல சைக்கிள் வாடகைக்கு விடற கடைக்கு மேல ஒரு அறை. பகல்ல பஞ்சர் ஒட்டறேன். அதுக்குப் பரிதாபப்படாதே. படம் என்னால வந்தது, கிழிச்சதும் நான்தான்.

ஆனா போன கடிதத்துல எழுதினது எதையும் திரும்ப வாங்கிக்க மாட்டேன்.

அவங்க இன்னும் அச்சடிப்பாங்க. என்னால உள்ளே போக முடியாது. மன்னிச்சுடு.

தம்பி

---

செப்டம்பர் 16

டேய்,

போயிட்டு வந்தேன்.

உனக்காகப் போகல. முதல்லயே தெளிவாச் சொல்லிடறேன். என் மூஞ்சிக்காகப் போனேன். டாக்ஸி பிடிச்சேன். கீழ்வீட்டு போலீஸ்காரர், "நானும் வரேன்மா, துணைக்கு இல்ல, வேடிக்கை பார்க்க"ன்னு முன்சீட்ல ஏறிக்கிட்டார். அம்மாகிட்ட பல் டாக்டரைப் பார்க்கப் போறேன்னு பொய் சொன்னேன். மலை வளைவுல ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன். அதையும் உன் ஆய்வுல சேர்த்துக்க.

உங்க காலேஜ் வாசல்ல நான் தொங்கறேன். ஆள் உயரத்துக்கு. கடைவாயில எச்சில் வழியறதுகூடத் தெரியுது. அதுக்குக் கீழ ஒரு பொண்ணு மேசை போட்டு உட்கார்ந்திருந்தா. என்னைப் பார்த்ததும் காது கேட்காதவங்ககிட்ட பேசற மாதிரி, "வாங்…க…ம்…மா! தண்ணி… வேணுமா?"ன்னா.

"கால்தான் வராது, காது நல்லா வரும். உங்க மேடம் எங்கே?"ன்னேன்.

"ஏரிக்கிட்ட இருக்காங்க. கீழே."

கீழேன்னா என்ன? படி! 'எல்லாருக்கும் ஏரி'ன்னு தோரணம் மாதிரி துணி கட்டியிருக்கு, அதுக்கு நேர் கீழ கல் படி. ஏரி அடியில பளபளன்னு கிடக்குது. ஓரமா ஒரு சரிவுகூடக் கிடையாது. இத்தனை மாசமா இந்த ஒரு நாளுக்காக வேலை செஞ்ச அத்தனை பேர்ல ஒருத்தர் கண்ணுலயும் அந்தப் படி படலையா? உன் கண்ணுலயும்தான் சொல்றேன். நீ இருக்கை செஞ்சியே, அந்த இருக்கைக்கு நான் எப்படி வந்து சேருவேன்னு நினைச்சே, பறந்தா?

நாலு பசங்க ஓடி வந்தாங்க. "தூக்கிடறோம்கா, ஒரு நிமிஷம்"னு ஒருத்தன் நாற்காலிக் கைப்பிடியைப் பிடிச்சுட்டான்.

"கையை எடு. நான் மூட்டையா?"

எடுத்தான். நான் நேரா முதல் படிக்கு முன்னால போய் நிறுத்தி, ரெண்டு பக்கமும் பிரேக்கைப் போட்டேன். என் பின்னால ஒரு பள்ளிக்கூட டீச்சர், அவங்களும் சக்கர நாற்காலி. அவங்களுக்குப் பின்னால ஊன்றுகோல் வெச்ச ஒருத்தர். ஒரு அம்மா, வளர்ந்த பையனை முதுகுல தூக்கிட்டு மூச்சு வாங்க நின்னாங்க. டீச்சர் என்ன நடக்குதுன்னு கேட்டாங்க. சொன்னேன். என் பக்கத்துல வந்து அவங்களும் பிரேக்கைப் போட்டாங்க. வழி மொத்தமா அடைஞ்சு போச்சு.

அப்போதான் படகுக் கம்பெனி மேனேஜர் கேமராக்காரங்களோட வந்தாரு. இறங்க இடம் இல்ல. கீழே இருந்து விசில் சத்தம் வந்துச்சு, பின்னாலேயே மேடம் வந்தாங்க.

"அம்மா, கொஞ்சம் ஒதுங்கிக்கிட்டீங்கன்னா..."

"அந்தப் போஸ்டர்ல இருக்கிறது யாருங்க?"

"அது எங்க மாணவர் ஒருத்தரோட ஆய்வுல வர்ற..."

"நான்தான் அது. எழுந்துட்டேன். சொல்லுங்க, என்ன வேணும்?"

அந்தம்மா முகத்துல ரத்தம் வத்திப் போனதை நீ பார்த்திருக்கணும். விசிலை வாய்க்குக் கொண்டு போனாங்க, எதுக்குன்னு தெரியாம கீழே விட்டுட்டாங்க. கேமராக்காரன் என் பக்கம் திருப்பினான். "இறக்குடா அதை"ன்னு போலீஸ்காரர் ஒரு அதட்டல் போட்டார். ரிடயர்டு ஆனாலும் குரல் ரிடயர்டு ஆகல.

"நீங்க கோவப்படறது நியாயம்தான், ஆனா நோக்கம் நல்லது"ன்னாங்க மேடம்.

"உங்க நோக்கத்தை இந்தப் படியில உருட்டி விடுங்க, அது பத்திரமாக் கீழே போய்ச் சேருதான்னு பார்ப்போம்"னேன். "போஸ்டரைக் கழட்டுங்க. இந்தப் படியில நாங்களே இறங்கற மாதிரி வழி பண்ணுங்க. அதுவரைக்கும் இன்னைக்கு யாரும் ஏரிக்குப் போறதில்ல. மேனேஜரும்தான்."

நீ வெறுமனே ஊர் சுத்தற பசங்களோட படிக்கலைன்னு அப்போதான் தெரிஞ்சுது. மேடம் வாயைத் திறக்கிறதுக்குள்ள உன் வகுப்புப் பசங்க போஸ்டரைக் கழட்டிட்டாங்க. படகுத்துறை வேலைக்கு வெச்சிருந்த பலகையெல்லாம் கொட்டகையிலிருந்து வந்துச்சு. கயிறு வந்துச்சு. என்னை எதுக்குடா அழ வெச்சேன்னு உன்னைக் கேட்டாளே, அந்தப் பொண்ணுதான் எல்லாரையும் வேலை வாங்கினா. முதல்ல போட்ட சரிவு செங்குத்தா இருந்துச்சு. "இது சரியா வரும்"னாங்க மேடம். "அப்போ நீங்க முதல்ல போங்க"ன்னேன். அங்க சும்மா கிடந்த ஒரு சக்கர நாற்காலியில அவங்களை உட்கார வெச்சாங்க. பாதி வழியில போட்ட சத்தம் எதிர்க்கரையில கேட்டிருக்கும். அதுக்கப்புறம் அவங்களே பலகை தூக்கினாங்க, சரிவை நீட்டினாங்க. அதை மட்டும் ஒத்துக்கறேன்.

மேனேஜர் காத்திருந்து பார்த்துட்டு வெயில் சாயறப்போ போயிட்டாரு. அவரு வண்டி போற சத்தம் கேட்டுக்கிட்டே நான் இறங்கினேன். என் கையால, என் பிரேக்கைப் பிடிச்சு.

உன் இருக்கைக்கு வரேன். இடுப்புப் பட்டையோட கொக்கி விலாவுல குத்துது. செஞ்சவன் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தானா? சாய்மானம் சரி. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

பயம்னு எழுதினியே. ஆமா. படகு கரையை விட்டு நகர்ந்ததும் என் கை நடுங்கினதுல துடுப்பு படகு ஓரத்துல டகடகன்னு தாளம் போட்டுச்சு. எனக்குப் புது இடம் பயம். அங்க படி இருக்கும், குறுகல் கதவு இருக்கும், நாலு பேர் தூக்க வருவாங்க. ஒவ்வொரு தடவையும் அந்தச் சண்டையைப் போட எனக்குத் தெம்பு கிடையாது. அதனால பல் செட்டைச் சாக்கு சொல்லியிருக்கேன். போதுமா?

இப்போ உனக்கு எது பயம்னு நான் சொல்லட்டுமா? கேட்டா முடியாதுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அதனால கேட்கவே மாட்டே. தூங்கறப்போ படம் எடுப்பே, ரகசியமா இருக்கை செய்வே, அப்புறம் வந்து "பாரு, உனக்காக எவ்வளவு பண்ணியிருக்கேன்"னு நிப்பே. பாறையில உறைஞ்சு நின்ன ஆளைப் பேசியே இறக்கினேன்னு எழுதினே. அவர்கிட்ட "எந்தக் காலை முதல்ல வைக்கறீங்க?"ன்னு கேட்டிருப்பே இல்ல? என்கிட்ட ஏன் வாய் வரல?

ஏரி பிடிச்சுதான்னு கேட்பே. சொல்ல மாட்டேன். சொன்னா அது உனக்கு மார்க் ஆயிடும்.

கிளம்பறப்போ மேடம் வந்து உன்னைப் பத்தி இழுத்தாங்க. "அவனைத் தண்டிக்கிறது என் வேலை, உங்க வேலை இல்ல"ன்னேன். "அது என் முகம். கிழிக்கிறதுக்கு அவனுக்கு உரிமை உண்டு. ஒட்டறதுக்கு உங்களுக்கு இல்ல."

உன் சைக்கிள் கடை வழியாத்தான் டாக்ஸி திரும்பி வந்துச்சு. நீ வாசல்ல குனிஞ்சு டியூபைத் தண்ணியில முக்கிக்கிட்டு இருந்தே. நிறுத்தட்டுமான்னு போலீஸ்காரர் கேட்டார். வேண்டாம்னுட்டேன். கோவம் அப்படியே இருந்துச்சு.

மூணு வருஷமா எதையும் கேட்கலன்னு சொன்னே. ஒண்ணு கேட்கறேன். நான் போனப்போ காத்து ஏரியிலிருந்து மலைக்கு வீசுச்சு. திரும்பறப்போ மலையிலிருந்து ஏரிக்கு வீசுச்சு. ஏன்?

அக்கா

---

செப்டம்பர் 24

அக்கா,

பகல்ல வெயில் பட்டு மலைச்சரிவு சீக்கிரம் சூடாயிடும். சூடான காத்து சரிவோட மேல ஏறும், அந்த இடத்துக்கு ஏரியிலிருந்து காத்து வரும். வெயில் சாய்ஞ்சதும் சரிவு சட்டுனு குளிர்ந்துடும், குளிர்ந்த காத்து கனமாகிக் கீழே இறங்கும். அதனால சாயங்காலம் திரும்பி வர்றவங்க எதிர்க்காத்துல மாட்டுவாங்களா, பின்காத்துல வருவாங்களான்னு காலையிலேயே கணக்கு போட்டுட்டுத்தான் நாங்க படகை எடுப்போம். கேட்டதுக்கு இதைவிட நீளமாப் பதில் எழுதி, கிழிச்சுப் போட்டுட்டுத்தான் இதை எழுதறேன்.

நெட்டை எல்லாத்தையும் சொன்னான். இந்தத் தடவை நான் நம்பினேன். மேடம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாங்க. அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கு வரலாமாம். களப்பயிற்சியும் உண்டு. போஸ்டரைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. விசிலைக் கழட்டி மேசையில வெச்சுட்டுப் பேசினாங்க. நான் இன்னும் அவங்களை மன்னிக்கல.

இருக்கையில உட்கார்ந்து பார்த்தேன். ஏரியை ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள விலா கன்றிப் போச்சு. ஒருத்தரை உட்கார வைக்கிற பொருளைச் செஞ்சுட்டு நானே அதுல உட்காரலன்னு நினைச்சா எனக்கே என்மேல ஆத்திரமா வருது. அன்னைக்கு டாக்ஸி போனதை நான் பார்த்தேன், அக்கா. நிமிர்ந்து பார்க்கிற தைரியம் வரல.

பழைய ஆய்வு இனி செல்லாது, நான் வேற ஆய்வு கொடுக்கணும். அன்னைக்குப் படிக்கட்டுல நடந்ததைப் பத்தி எழுதணும்னு ஆசை. எங்க படிப்புல இதுவரைக்கும் யாரும் எழுதாத விஷயம் அதுல இருக்கு. உன் பேர் வராது, படம் வராது, என் சொந்த அக்காங்கிறதும் வராது. எழுதறதை முதல்ல உனக்கு அனுப்பறேன். நீ அடிச்சுத் தரலாம்.

நான் எழுதலாமா?

நீ சொன்னது சரி. நிஜமாவே பயமா இருக்கு.

தம்பி

---

அக்டோபர் 1

தம்பி,

கேட்டே. அதனால பதில் சொல்றேன்.

முடியாது.

அது ஆய்வு இல்லடா. அன்னைக்கு நான் வாந்தி எடுத்து, நடுங்கி, நாலு பேர் முன்னால குரல் உடைஞ்சு போட்ட சண்டை. அது எனக்கு வேணும், முழுசா வேணும். பேரை மாத்தினாலும் உன் தாள்ல போனா அது கொஞ்சம் உன்னோடது ஆயிடும். இப்போதைக்கு அதுக்கு எனக்கு மனசு இல்ல. எப்பவாவது வருமான்னும் தெரியாது.

படிக்கட்டைப் பத்திதான் எழுதணும்னா டீச்சர் இருக்காங்க, ஊன்றுகோல்காரர் இருக்கார், பையனைத் தூக்கி வந்த அந்த அம்மா இருக்காங்க. ஒவ்வொருத்தரா நேர்ல போய்க் கேளு. அதுல ரெண்டு பேராவது உன்னை விரட்டுவாங்க. விரட்டினா திட்டு வாங்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போ. அதுதான் உன் படிப்புன்னு எனக்குத் தோணுது. டென்ட் யார் வேணாலும் அடிக்கலாம்.

கோவம் தீர்ந்துச்சான்னு அம்மா கேட்கறா. தீரலன்னு சொல்லிட்டேன். குழம்புக்கு உப்பு போதுமான்னு கேட்கற மாதிரி தினமும் கேட்கறா.

வர்ற மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நான் அங்க வரேன். துடுப்புப் போடக் கத்துக்கணும். அன்னைக்குப் படகு நின்ன இடத்துலயே வட்டம் அடிச்சுது, அது எனக்குப் பொறுக்கல. சரிவு போட எல்லாரையும் வேலை வாங்கினாளே, அந்தப் பொண்ணுகிட்ட பேசியாச்சு, அவதான் சொல்லித் தரப் போறா. நீ சொல்லித் தர வேண்டாம். கொக்கியை மாத்தி வைக்கலாம், அது உன் வேலை.

நான் தண்ணியில இருக்கும்போது நீ கரையில வந்து நிக்கலாமான்னு தோணுச்சுன்னா, தனியா ஒரு கடிதம் போட்டுக் கேளு. அதுக்கு வேணா யோசிச்சுப் பதில் சொல்றேன்.

அக்கா